ஒரு வண்டி போதும்

மஞ்சக்குப்பம், கடலூர்.
டிசம்பர் 8, திங்கட்கிழமை

அன்பு மகள் நித்யாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது வேலை முடிந்து, சாப்பிட்டு, தலைவலி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, என் முழங்கால் வலி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வாடகைக்கு வந்தவன் மாதிரி அங்கேயே இருக்கிறது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மகளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் மூன்றாவது வாக்கியம் ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்கிறாய், நாலாவதுக்குள் உனக்கு வேறு போன் வந்துவிடுகிறது. இது சரிம்மா சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. என்னோடு ஒரே பள்ளியில் இருந்த தமிழ்மணி டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் வியாழக்கிழமை பாங்காக் சுற்றிப்பார்க்க வருகிறார்கள், அவர்கள் கையில் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தில் பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ, அதிரசம், உன் பழைய ஸ்வெட்டர், மலையில் குளிரும் என்று நீதான் சொன்னாய். கடிதத்தைக் கையில் கொடுத்தனுப்புவதில் அப்பாவுக்கு மட்டும் வருத்தம். முப்பத்தஞ்சு வருஷம் தபால் ஆபீஸ்ல முத்திரை குத்தினவன் வீட்டுலேருந்து ஸ்டாம்பு ஒட்டாம ஒரு கடுதாசி போவுது பாரு, டிபார்ட்மெண்டுக்கே அவமானம் என்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி நான் சியாங் மாய் வந்து இறங்கியதும் அங்கிருந்து பாய் என்கிற மலையூருக்கு நாம் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போய், இரண்டு ராத்திரி தங்கித் திரும்புவதாகப் பேச்சு. வண்டி வாடகைக்கு விடுகிற கடைக்காரர் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் எத்தனை வண்டி என்று சொல்லச் சொல்கிறார். ரெண்டு சொல்லட்டுமா, இல்ல நீ என் பின்னாடியே உக்காந்துக்கிறியா, ஒண்ணு போதுமா என்று கேட்டாய். நான் எழுதிச் சொல்கிறேன் என்றதும் சிரித்தாய். அந்தக் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, வரிசையாகப் படி.

எனக்கு லைசென்ஸே கிடையாது என்பது ஆகஸ்ட் மாதம்தான் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது, எனக்கும் சேர்த்து. என் லைசென்ஸைக் காட்டி வெளிநாட்டில் ஓட்டுகிற பெர்மிட்டை வாங்கி வைக்கும்படி நீ சொன்ன அன்று அப்பா பீரோவைக் கவிழ்த்துத் தேடினார். ஆதார் வந்தது, பான் கார்டு வந்தது, பழைய ரேஷன் கார்டு வந்தது, 1994இல் எடுத்த நூலக அட்டை வந்தது, லைசென்ஸ் வரவில்லை. எடுத்திருந்தால்தானே வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டி.வி.எஸ். ஃபிஃப்டி வாங்கினபோது அம்பது சி.சி. வண்டிக்கு லைசென்ஸெல்லாம் வேணாம் டீச்சர் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அது சைக்கிளுக்கு அண்ணன், மோட்டார் சைக்கிளுக்குத் தம்பி, யார் கேட்கப்போகிறார்கள் என்று அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தோம். அப்புறம் ஸ்கூட்டி வாங்கினேன், அப்போதும் அந்த நினைப்பு மாறவில்லை. முதுநகர் போகிற வழியில் போலீஸ் நின்று எல்லோரையும் மடக்கினாலும் என்னைப் பார்த்ததும் நீங்க போங்க டீச்சர் என்று கையைக் காட்டிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர், போக வரப் பன்னிரண்டு, வருஷத்துக்கு இருநூற்று இருபது நாள், இருபத்தேழு வருஷம். எழுபத்தோராயிரம் கிலோமீட்டர். பூமியை ஒன்றே முக்கால் தடவை சுற்றி வந்திருக்கிறேன், லைசென்ஸ் இல்லாமல். பிள்ளைகளிடம் நேர்மை நேர்மை என்று பேசின வாய் இது. அப்பா மட்டும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். வீட்ல ஒரே யோக்கியன் நான்தான், எனக்கு ஓட்டவே தெரியாது என்றார்.

அப்போது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. பரவால்லம்மா, இங்க கடையில லைசென்ஸ் கேக்கவே மாட்டாங்க, பாஸ்போர்ட்டக் குடுத்தா சாவியக் குடுத்துடுவாங்க, நீ சும்மா வா என்றாய். நான் முடியாது என்றேன், உனக்குக் கோபம். ஏன் என்று இப்போது சொல்கிறேன். ஒரு பிள்ளை கணக்குக்கு விடையை மட்டும் சரியாக எழுதி, படிகளை விட்டுவிட்டுத் தாளைக் கொடுக்கிறாள். விடை சரிதான் டீச்சர் என்று சண்டை போடுவாள். விடை சரியாக இருக்கும்வரை படிகளை யாரும் கேட்பதில்லை. ஒரு இடத்தில் தப்பாகிவிட்டால் நான் படிகளைத்தான் பார்ப்பேன், படி இருந்தால் பாதி மார்க்காவது உண்டு, இல்லாவிட்டால் முட்டை. அந்தக் கடைக்காரர் சாவி கொடுப்பது விடை சரியாக இருக்கிற வரைக்கும்தான். மலையில் விழுந்து ஒரு கையோ காலோ போனால் ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸும் முதலில் கேட்கப்போவது அந்த அட்டையைத்தான். வெளியூர் ஆஸ்பத்திரியில் நீ தனியாக ஓடி அலைய நான் காரணமாக இருக்க மாட்டேன்.

அதனால் உன்னிடம் சொல்லாமலே செப்டம்பரில் எல்.எல்.ஆர். போட்டேன். நாற்பது வயசுக்கு மேல் என்றால் டாக்டர் சான்றிதழ் வேண்டும், கண்ணைப் பரிசோதித்த டாக்டர் இந்த வயசுல எங்கம்மா போகப்போறீங்க என்றார், தாய்லாந்து என்றேன், உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் பத்துக் கேள்வி, ஒன்பது சரி. பத்தாவதில் கேள்வியே தெளிவாக இல்லை, அதை அங்கிருந்த பெண்ணிடம் பொறுமையாக விளக்கினேன், அவள் நீங்க பாஸ்மா, கெளம்புங்கம்மா என்றாள்.

எழுத்துத் தேர்வு எனக்குப் பிரச்சினையா, எட்டுப் போடுவதுதான் பிரச்சினை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் அப்பா கோலமாவால் எட்டுப் போட்டுக் கொடுத்தார். மேல் வட்டம் சின்னதாகவும் கீழ் வட்டம் பெரிதாகவும் பூசணிக்காய் மேல் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி இருந்தது. நான் ஒரு கயிறும் குச்சியும் வைத்து வட்டம் போட்டுக் காண்பித்தேன், பத்து நிமிஷத்தில் இரண்டு வட்டமும் அச்சு மாதிரி வந்துவிட்டது. ஓட்டும்போதுதான் வரவில்லை. எழுபத்தோராயிரம் கிலோமீட்டரும் நேர் ரோடு நித்யா, திரும்பினால் பள்ளிக்கூட வாசலில் ஒரு தடவை, வீட்டு வாசலில் ஒரு தடவை. காலையில் நடக்க வருகிறவர்களுக்கெல்லாம் நாங்கள்தான் வேடிக்கை. கிரவுண்டுக்கே கோலம் போட ஆரம்பிச்சிட்டீங்களா டீச்சர் என்று ஒருத்தர், எட்டு இன்னும் முடியலியா, ஒம்பதுக்கு எப்ப போவீங்க என்று ஒருத்தர். அப்பா கையில் குடையோடு நடுவில் நின்றுகொண்டு எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் முதல் தேர்வு. அன்று உன்னிடம் சளி என்று சொல்லி வீடியோ வேண்டாம் என்றேனே, அது சளி இல்லை, அழுத முகம். நன்றாகத்தான் போனேன். முதல் வட்டம் சுற்றி, நடுவில் கடந்து, இரண்டாவது வட்டத்தில் முக்கால் பங்கு வந்துவிட்டேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குட் மார்னிங் டீச்சர் என்று ஒரு குரல். பார்த்தால் எப்போதோ எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது தொப்பையும் மீசையுமாக நாற்பது வயசு ஆள். என் வலது கை தானாக மேலே போய்விட்டது. இத்தனை வருஷம் ரோட்டில் வணக்கம் வாங்கி வாங்கிப் பதில் போட்ட கை, அதற்குத் தேர்வு என்று தெரியுமா. கை மேலே போனது, கால் கீழே வந்தது. அம்மா, ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருக்கணும், மறுபடி வாங்க என்று இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா வழி நெடுக உனக்கு மரியாதை ஜாஸ்தி மேரி, அதான் கால ஊனிட்ட என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்க்கையில் நான் தோற்ற முதல் தேர்வு அது.

ஏன் இவ்வளவு பிடிவாதம், மகள் பின்னால் உட்கார்ந்து போனால் என்ன என்று அன்று ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன். உனக்கும் சொல்லிவிடுகிறேன். இத்தனை கிலோமீட்டர் ஓட்டியதில் ஒரு கிலோமீட்டர்கூட நான் ஆசைக்கு ஓட்டியது இல்லை. மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், அடுப்புக்குத் திரும்ப வேண்டும், உன்னை டியூஷனில் விட வேண்டும், அப்பாவை ரயிலடியில் ஏற்ற வேண்டும். எங்கேயாவது போய்ச் சேர்வதற்காகத்தான் ஓட்டினேன். ரோடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு ரோட்டில் போக வேண்டும் என்று நீ பாய் போகிற மலை ரோட்டைப் படம் எடுத்து அனுப்பின அன்று தோன்றியது. அதைப் பின் சீட்டிலிருந்து பார்க்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நவம்பரில் இரண்டு தடவை தேதி கிடைத்து, புயல் எச்சரிக்கையில் ஒன்று போய்விட்டது. மழை விட்ட பிறகு இரண்டாவது தேதியில் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் தேவனாம்பட்டினத்திலிருந்து முத்தம்மாள் என்று ஒரு அம்மா, மீன் விற்கிறவர், வியாபாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னால் கட்டின மீன் பெட்டியோடு வந்திருந்தார். பெட்டியை அவிழ்த்து என் காலடியில் வைத்துவிட்டு, ஒரு தடவைகூடத் தடுமாறாமல் எட்டைப் போட்டு வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்து என்ன டீச்சர் பயமா என்றார். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், அதான் மூஞ்சியிலேயே எழுதியிருக்கே என்றார். முதல் தடவை நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, கீழ இருக்கிற கோட்டப் பாக்காதீங்க, அடுத்து எங்க திரும்பணுமோ அங்க பாத்துக்கிட்டே போங்க, வண்டி தானா பின்னாடி வரும், வணக்கம் வந்தா அத நான் வாங்கிக்கிறேன் என்றார். நம்ப மாட்டாய், நான் நடுவில் கடக்கும்போது அன்றைக்கும் ஒருத்தர் டீச்சர் என்று கூப்பிட்டார். என் கை அசையவில்லை. முத்தம்மாள் இரண்டு கையையும் தூக்கி, வணக்கம்பா வணக்கம், டீச்சர் எட்டுல இருக்காங்க, அப்புறமா வா என்று போட்ட சத்தத்தில் இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். பாஸ். வீட்டுக்கு வரும்போது ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கி வந்தேன், அவரிடமேதான்.

அட்டை தபாலில் வந்தது, அதில் அப்பாவுக்கு மனசு கொஞ்சம் ஆறியது. வெளிநாட்டு பெர்மிட்டும் போன வெள்ளிக்கிழமை கைக்கு வந்துவிட்டது. மலை ஏறிப் பழக நம்ம ஊரில் இருக்கிற ஒரே மலை கேப்பர் மலைதான், வேறு ஊர்க்காரர்கள் அதை மேடு என்பார்கள், இருக்கட்டும். எண்பத்திரண்டு கிலோ அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஐந்து நாள் ஏறி இறங்கினேன். பாய் போகிற ரோட்டில் எழுநூற்று அறுபத்திரண்டு திருப்பம் என்கிறார்களே, தூரம் நூற்று முப்பது கிலோமீட்டர் என்றால் நூற்றெழுபது மீட்டருக்கு ஒன்று வருகிறது. எட்டில் இரண்டே வட்டம், அதற்கே இரண்டு மாதம் ஆயிற்று. அதனால் உன் திட்டத்தில் ஒரு திருத்தம். காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாய் என்று நீ எழுதியிருப்பது அதிகப்பிரசங்கித்தனம். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிற்க வேண்டும், தேநீர் குடிக்க வேண்டும், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். மழை வந்தால் அன்றைக்கு லீவு. கடைக்காரரிடம் பாஸ்போர்ட்டை அடகு மாதிரி விட்டுவிட்டு வராதே, நகலும் முன்பணமும் வாங்கிக்கொள்கிற கடையாகப் பார். வண்டியை எடுப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள், ஏற்கெனவே இருக்கிற கீறலுக்கு நாம் பதில் சொல்ல வேண்டாம். ஹெல்மெட் நான் இங்கிருந்தே இரண்டு கொண்டு வருகிறேன். நீ படத்தில் போட்டிருக்கிறது ஹெல்மெட் இல்லை, சட்டி.

இனிமேல்தான் நீ பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம். உனக்கும் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்ததால், நீ விட்டுப்போன ஃபைலிலிருந்து உன் லைசென்ஸ் நகலை எடுத்து என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் ஸ்கூட்டர் வகை என்று தெளிவாக இருக்கிறது. உன்னுடையதில் கார் மட்டும்தான் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்பாவை விட்டுப் பார்க்கச் சொன்னேன், மொபைலில் உன் லைசென்ஸ் நம்பரைப் போட்டும் பார்த்தோம். கார் மட்டும்தான். நகல் எடுத்ததில் ஏதாவது விட்டுப்போயிருக்கும், கம்ப்யூட்டரில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. நீ எம்.எஸ்சி. படிக்கும்போது பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரம் வந்துதானே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாய், அங்கேயே போய்க் கேட்டுவிடலாம் என்று அப்பாவை ஏற்றிக்கொண்டு முந்தாநாள் சனிக்கிழமை கிளம்பினேன்.

முதல் தடவையாக ஊரை விட்டு ஊர் ஓட்டினேன் நித்யா. ஆலப்பாக்கத்தில் தேநீர், முட்லூரில் கொய்யாப்பழம், லாரி முந்தும்போதெல்லாம் பின்னாலிருந்து அப்பாவின் அருள் நிறைந்த மரியே. சிதம்பரத்தில் உன் பெரியம்மா ஜோதி வீட்டு வாசலில் போய் நிறுத்தியதும், அறுபத்தொரு வயசுல எதுக்குடி உனக்கு இந்த ஆட்டம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவளே வந்து, கீழ வீதிக்குத்தான போற, நானும் ஏறிக்கிறேன், ஒரு ரவுண்டு காட்டு என்றாள். நாலு வீதியும் சுற்றினோம். மூன்றாவது வீதியில் என் இடுப்பை விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தாள்.

டிரைவிங் ஸ்கூல் தேவநாதன் சாருக்கு உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடல் படிக்கிற பொண்ணுதானே, எப்பவும் ஷூவுல சேறு இருக்குமே என்றார். பரண் மேலிருந்து 2018ஆம் வருஷத்து நோட்டை இறக்கித் தூசி தட்டிப் புரட்டினார். உன் பெயர் இருந்தது. கார், பாஸ். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் டூ வீலர், ஆப்சென்ட். முப்பது வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான், என் மகள் பெயருக்கு எதிரே அந்த வார்த்தையைப் பார்த்ததும் அதன் மேல் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தேன். அன்னிக்கி எல்லாரும் எட்டுப் போட வந்துட்டாங்க மேடம், இது மட்டும் கடலுக்குப் போட்ல போயிட்டேன் சார், அடுத்த வாரம் வரேன்னு போன் பண்ணுச்சு, அந்த அடுத்த வாரம் இன்னும் வரல என்றார். அவர் தேதியைச் சொன்னதும் எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அன்று மத்தியானம் நீ எனக்குப் போன் செய்து, அம்மா வெள்ளாத்து முகத்துவாரத்துக்கு வெளியே டால்பின் பார்த்தேன், நாலு டால்பின், என்று மூச்சு விடாமல் கத்தினாய். எட்டைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கார்டு வந்ததும் இரண்டும் சேர்ந்துதான் வந்திருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டாய். அதில் எழுதியிருப்பதை நீ படிக்கவில்லை, உன்னைச் சொல்லி என்ன, இருபத்தேழு வருஷம் நான் இல்லாத அட்டையையே தேடவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை நீ முதலில் தெரிந்துகொள். நான் செய்த தப்பைத்தான் நீயும் செய்திருக்கிறாய், தெரிந்து இல்லை. ஆனால் தெரிந்த பிறகு தொடர்ந்தால் அதற்குப் பெயர் வேறு. ஆறு வருஷமாக பாங்காக் நெரிசலில் தினமும் இறால் கம்பெனிக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறாய், ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவருக்கு நன்றி. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் படி எழுதாமல் விடை மட்டும் சரியாக வந்த பிள்ளைகள். இந்தக் கடிதத்தைப் படித்த மறுநாளிலிருந்து கம்பெனி வேனில் போ. ஆறு மணிக்கே எழுந்திருக்க வேண்டுமே என்று முனகாதே. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த நாட்டு லைசென்ஸே கொடுக்கிறார்கள், உன் தோழி ஒருத்திகூட எடுத்திருக்கிறாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய், விசாரித்து முறையாக எடு. அவசரப்பட்டு ஜனவரிக்குள் வாங்கியே தீர்வேன் என்று நிற்காதே. அங்கே எட்டோ வேறு என்னவோ, எதுவாக இருந்தாலும் முதல் தடவை தவறினால் அழ வேண்டாம், அழுவதற்கு முன்னால் எனக்குப் போன் செய், முத்தம்மாள் சொன்னதைச் சொல்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கடைக்காரருக்கு இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு வண்டி போதும் என்று சொல்லிவிடு. எஞ்சின் கொஞ்சம் பெரிசாகக் கேள், மலையில் இரண்டு பேர் ஏற வேண்டும். ஓட்டுகிறவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் சவரிமேரி என்று எழுது, பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்தைப் பார்த்து எழுது. நீ பின்னால் உட்காருகிறாய். உனக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வழி தெரிந்தவள் நீ, பாஷை தெரிந்தவள் நீ, என்னைவிட வேகமாகவும் நன்றாகவும் ஓட்டுகிறவளும் நீதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அட்டை என்னிடம் இருக்கிறது. பயம் வேண்டாம், நீ எடையில் அப்பாவில் பாதி, அப்பாவோடேயே மலை ஏறியிருக்கிறேன். வழி சொல்வது, எங்கே நிற்கலாம் என்று பார்ப்பது, படம் எடுப்பது உன் வேலை. வேகமா போம்மா என்று மட்டும் சொல்லக் கூடாது. அப்பா வரவில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு அடுத்த வாரம் எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்கிறார், என்ன வேலை என்று கேட்டால் குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறார். தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ஒரு போன் போட்டுவிடுவோம், அவருக்கு அது போதும்.

கிறிஸ்துமஸுக்கு நீ இல்லை என்கிற குறை இருக்கத்தான் செய்கிறது. குடில் அப்பா கட்டியாயிற்று, இந்த வருஷம் மூன்று ராஜாக்களில் ஒருவரை ஒட்டகத்திலிருந்து இறக்கி, நீ சின்னப் பிள்ளையில் விளையாடின பிளாஸ்டிக் ஸ்கூட்டரில் உட்கார வைத்திருக்கிறார். பங்குச் சாமியார் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எல்லா ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கட்டும் மகளே. நீ போகிற வழியெல்லாம் மாதா உனக்கு முன்னால் நடக்கட்டும், நான் வருகிற வரைக்கும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த ஊரில் ரோட்டில் யாரைப் பார்த்தாலும் நம்மைப் போலவே கைகூப்பித்தான் வணக்கம் சொல்வார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். என் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும். பின்னாலிருந்து எனக்கும் சேர்த்து நீ சொல்லிவிடு.

உன் அன்பு அம்மா,
சவரிமேரி